வானேறுமுன் ஒரு தேர்வு



மோட்டார் வண்டி ஓட்டக் கற்றவன் ஓர் எட்டுப் போட்டுக் காட்டினால் உரிமம் கைக்கு வந்துவிடும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். ஆகாய விமானம் ஓட்டுவதும் அவ்வாறே கையும் காலும் பழகிக்கொள்ளும் ஒரு வித்தைதான் என்றும், அதற்கு மேசையும் நாற்காலியும் இட்டுத் தேர்வு வைப்பானேன் என்றும் மாணவர்கள் என்னிடம் வினவியதுண்டு. வைக்கத்தான் வைக்கிறார்கள். அந்தத் தேர்வு எத்தகையது, அதற்கு ஒருவர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

தனியார் விமானி என்று ஒரு வகுப்பு உண்டு. கூலி பெறாமல், தம் சொந்த விருப்பத்தை முன்னிட்டுச் சிறு விமானத்தை ஓட்டிச் செல்பவர் அவர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்தகையோர் மிகுதி. மேலும், இத்தேர்வுக்குரிய பாடநூல்களை அந்நாட்டு அரசே எழுதி, எவரும் விலையின்றிப் படிக்குமாறு வெளியிட்டிருக்கிறது. ஆகையால் அந்நாட்டுத் தேர்வையே எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் உரிமம் வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். அதன் விதிகளும் தேர்வு முறையும் வேறு. ஆயினும் இறக்கையைத் தாங்கும் காற்று எந்த நாட்டிலும் ஒன்றுதான். நான் சொல்லப்போவதிற் பெரும்பகுதி காற்றைப் பற்றியது.

அமெரிக்காவில் 1926-ஆம் ஆண்டில் ஆகாய வாணிகச் சட்டம் நிறைவேறிய பின்னரே கூட்டரசின் விமானி உரிமம் என்பது தோன்றியது. முதல் எண்ணுள்ள உரிமத்தை, விமானத்தைக் கண்ட ஆர்வில் ரைட்டுக்கே அளிக்க முன்வந்தார்கள். அவர் வேண்டாமென்றார். எனவே 1927 ஏப்ரல் 6-ஆம் நாள், அத்துறையின் தலைமை அலுவலராக இருந்த வில்லியம் மெக்கிராக்கன் அதைப் பெற்றுக்கொண்டார். தேர்வு எழுதாமலே முதலிடம் தேடி வந்தபோதும் வேண்டாமென்று சொன்ன ஒருவரை என் ஆசிரிய வாழ்வில் நான் கேள்விப்பட்டதில்லை.

இன்றைய தேர்வைக் கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம் நடத்துகிறது. வினாக்கள் 60. ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள் கொடுத்திருக்கும். பொருத்தமானதைத் தெரிந்தெடுக்க வேண்டும். 70 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. அதாவது 42 விடைகள் சரியாக இருந்தாற் போதும். 15 வயது நிறைந்தவர் எழுதலாம். ஆனால் 16 வயதுக்குமுன் விமானத்தில் தனியே பறக்க முடியாது. 17 வயதுக்குமுன் உரிமம் கிடையாது. இதற்கிடையே குறைந்தது 40 மணி நேரமாவது பறந்து பழகியிருக்க வேண்டும். அவற்றுள் 20 மணி ஆசிரியருடன். 10 மணி தன்னந்தனியே. எழுத்துத் தேர்வுக்குக் கால் வைக்குமுன்னும், இவர் ஆயத்தமாகிவிட்டார் என்று ஆசிரியர் ஒருவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் பொறியியல் வேலையில் இருக்கிறார். அவர் விமானம் ஓட்டக் கற்கத் தொடங்கியபோது அரசின் கையேட்டை எனக்கும் அனுப்பினார். வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்துத் தம் பாடத்தை என்னிடம் ஒப்புவித்தார். பள்ளிக்கூடப் பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை போலும். முதல் வாரத்திலேயே அவர் சொன்னார்: “ஐயா, இந்தத் தேர்வுக்கு மூன்றே நாளில் தயாராகிவிடலாம் என்கிறார்கள். வினாத்தொகுப்பு விற்கிறது. விடையை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் போதுமாம்.”

அவர் சொன்னது பொய்யன்று. ஒரு காலத்தில் அரசே தன் வினாக்கள் அனைத்தையும் வெளியிட்டு வந்தது. இன்று மாதிரி வினாக்களை மட்டுமே வெளியிடுகிறது. எனினும் அவற்றைப் போன்ற நூற்றுக்கணக்கான வினாக்களைத் தனியார் தொகுத்து விற்கிறார்கள். நெட்டுருப் போட்டே 42 விடைகளைத் தேற்றிக்கொள்ள வல்லவர்கள் உண்டு. நம் ஊரில் இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மூன்று விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவைப் பற்றி ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அறிந்த ஒரு செய்தி உண்டு. சரியான விடையை எழுதுவது எளிது. தவறான இரண்டு விடைகளை எழுதுவதுதான் கடினம். அவை கண்ணை மூடிக்கொண்டு இட்ட எண்கள் அல்ல. பாடத்தை அரைகுறையாகப் படித்தவன் எந்த இடத்தில் வழுக்குவான் என்று எண்ணிப் பார்த்து அங்கே வைத்த பொறிகள் அவை. எடுத்துக்காட்டாக, விமானப் பெட்ரோல் ஒரு காலன் 6 பவுண்டு எடை. 40 காலன் என்றால் 240 பவுண்டு. எடைக் கணக்கில் 240-க்குப் பதில் 40 என்று கூட்டியவனுக்கு என்ன விடை வருமோ, அதுவும் அந்த மூன்றில் ஒன்றாக அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஆகையால் அந்த மாணவருக்கு நான் ஒரு வேலை வைத்தேன். சரியான விடையைச் சொன்னால் மட்டும் விடமாட்டேன். மற்ற இரண்டும் ஏன் தவறு, எப்படிப்பட்டவன் அவற்றைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் என்றவர் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்.

இனிப் பாடத்துக்கு வருவோம். காற்றின் திசையிலிருந்து தொடங்குவது நமக்கு எளிது. வானிலை நிலையங்கள் மணிதோறும் விடுக்கும் குறிப்பில் 18010 என்று ஐந்து இலக்கங்கள் வரும். முதல் மூன்றும் திசை. 180 பாகை, அதாவது தெற்கு. பின்னிரண்டும் வேகம், 10 நாட். காற்று தெற்கு நோக்கிப் போகிறதா, தெற்கிலிருந்து வருகிறதா என்று வெளிநாட்டு மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். தமிழ் மாணவன் தடுமாற வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று, வரும் திசையைக் கொண்டே நம் முன்னோர் காற்றுக்குப் பெயரிட்டார்கள். விமானிகளின் வழக்கும் அதுவே. ஒன்று மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். எழுத்து மூலம் வரும் குறிப்பிலுள்ள திசை மெய்வடக்கைக் கொண்டு கணித்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தார் வாய்மொழியாகச் சொல்வதோ காந்த வடக்கைக் கொண்டது. ஓடுபாதைகளுக்கு எண் இடுவது காந்தத் திசையை வைத்து ஆதலின், இறங்குபவருக்கு அதுவே உதவும்.

அடுத்து உயரமானி. இதைப் புரிந்துகொண்டவன் தேர்வில் நாலைந்து வினாக்களை ஒரே மூச்சில் வென்றுவிடுவான். விமானத்திலுள்ள உயரமானி உண்மையில் ஒரு பாரமானி. அது நிலத்தைப் பார்ப்பதில்லை. காற்றின் அழுத்தத்தை மட்டுமே அறியும். மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது. தாழ்ந்த உயரங்களில் 1,000 அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலப் பாதரசம் குறையும். அந்தக் குறைவைத்தான் அது அடிகளாக மாற்றிக் காட்டுகிறது. இனி, ஒருவர் 30.10 அங்குல அழுத்தமுள்ள ஊரில் உயரமானியைச் சரிசெய்துகொண்டு புறப்படுகிறார். அவர் போய்ச் சேரும் ஊரில் அழுத்தம் 29.60. வழியில் அவர் அதைத் திருத்தவில்லை. வேறுபாடு அரை அங்குலம்; உயரத்தில் 500 அடி. முள் 2,000 என்று காட்டும்போது அவர் இருப்பது 2,000 அடியிலா, 2,500 அடியிலா, 1,500 அடியிலா?

சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். அழுத்தம் குறைந்த காற்றுக்குள் போனால், நாம் மேலே ஏறிவிட்டோம் என்று முள் கருதும். அது காட்டும் உயரத்தைக் குறையாமல் வைத்துக்கொள்வதற்காக விமானி சிறிது சிறிதாகக் கீழே இறங்கிக்கொண்டே போவார். எனவே 1,500 அடியில் இருப்பார். அவர் எதிரில் 1,600 அடி உயரமுள்ள குன்று ஒன்று முகிலுக்குள் மறைந்திருந்தால் அதன் தலைக்கு மேல் 400 அடி இடைவெளி இருப்பதாக உயரமானி அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். இவ்வினாவுக்கு நெட்டுருவாக ஒரு சூத்திரம் அங்கே வழங்குகிறது. நான் அதை அம்மாணவருக்குச் சொல்ல விடவில்லை. பாரமானியின் படத்தை வரைந்து, முள் ஏன் ஏமாறுகிறது என்று எனக்கு விளக்கச் சொன்னேன்.

உயரத்தோடு சேர்ந்தது அடர்த்தி. அடர்த்தி உயரம் என்று ஒரு சொல் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும். கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் என்றும், 1,000 அடிக்கு 2 டிகிரி வீதம் குறைகிறது என்றும் ஒரு நியம அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு மேல் எத்தனை டிகிரி சூடு மிகுகிறதோ, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடி வீதம் விமானம் உயரே இருப்பதாகவே கொள்ள வேண்டும். சூடான காற்று விரிந்து மெலிந்துவிடுகிறது அல்லவா? கொலராடோவில் லெட்வில் என்னும் மலையூரில் ஒரு விமான நிலையம் உள்ளது. அதன் உயரம் 9,934 அடி. வட அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்களுள் அதுவே மிக உயர்ந்தது. அங்கே நியம வெப்பநிலை கழித்தல் 5 டிகிரி. கோடைப் பிற்பகலில் 20 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது குளிர்தான். ஆனால் நியமத்துக்கு மேல் 25 டிகிரி. 25-ஐ 120 ஆல் பெருக்க 3,000. ஆகவே சக்கரம் தரையில் நிற்கும்போதே அந்த விமானம் ஏறத்தாழ 13,000 அடி உயரத்துக் காற்றில் நிற்கிறது. சென்னையில் கத்திரி வெயிலில் 40 டிகிரி அடிக்கும்போது, கடலோரத்தில் நின்றுகொண்டே ஒரு விமானம் 3,000 அடி உயரத்திலிருப்பதுபோல் இயங்குவதும் இதே கணக்குத்தான்.

அதனால் என்ன? எஞ்சின் உட்கொள்ளும் காற்று மெலிந்ததால் அதன் ஆற்றல் குறைகிறது. முன்னாலுள்ள சுழலிக்குப் பற்றி இழுக்கப் போதிய காற்றில்லை. இறக்கையைத் தாங்கவும் காற்றுப் போதாது. ஆகவே மிகுந்த வேகம் வந்த பிறகே அது எழும்பும். மூன்றும் ஒரே நேரத்தில் வருவதால் ஓடுபாதையின் நீளம் போதாமற் போகலாம். எழும்பிய பின்னும், எதிரிலுள்ள மலை உயரும் வேகத்துக்கு விமானம் உயராமல் இருக்கலாம். ஈரப்பதம் மிகுந்தால் என்ன ஆகும் என்பது இதன் தொடர்பான வினா. புழுக்கமான நாளில் காற்று கனத்துக் கிடக்கிறது என்று நாம் சொல்லிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தால் பலர் தவறான விடையைத் தொடுகிறார்கள். வேதியியல் படித்த மாணவர்கள் மூலக்கூற்று எடையை நினைத்துப் பார்க்கட்டும். நீராவிக்கு 18, உலர்ந்த காற்றுக்குச் சராசரி ஏறத்தாழ 29. கனமானதை வெளியேற்றிவிட்டு லேசானது அவ்விடத்தில் புகுந்துகொள்கிறது. எனவே ஈரக் காற்று லேசானது. விமானத்துக்கு அதுவும் கேடே.

‘ஸ்டால்’ என்பது வேறொரு பாடம். அச்சொல் நமக்குப் பொருட்காட்சிக் கடையை நினைவூட்டும். மோட்டார் ஓட்டுபவருக்கு எஞ்சின் நின்றுபோவதை நினைவூட்டும். விமானத்தில் இரண்டும் அல்ல. எஞ்சின் முழக்கத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே இறக்கை தன் தாங்கும் ஆற்றலை இழப்பதற்கு அந்தப் பெயர். இறக்கைக்கும் அதை நோக்கி வரும் காற்றுக்கும் இடையே உள்ள கோணத்தைத் தாக்குகோணம் என்பர். அது ஓர் எல்லையைக் கடந்தால் இறக்கையின் மேற்புறத்தில் ஒட்டி ஓடும் காற்று பிரிந்து சிதறிவிடும். எந்த வேகத்திலும், மூக்கு எந்தப் பக்கம் நோக்கியிருப்பினும், அந்த எல்லைக் கோணம் மாறுவதில்லை. எடை கூடினாலும் மாறுவதில்லை. வேகம் குறைந்தால்தான் ஸ்டால் வரும் என்று படித்தவன் இங்கே தோற்பான். தரை மட்டத்துக்கு இணையாகப் பறந்துகொண்டே 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை தன் எடையைப்போல் இருமடங்கு சுமக்கிறது. ஸ்டால் வேகமோ 2-இன் வர்க்கமூலமாகிய 1.41 மடங்காக உயர்கிறது. நேராகப் பறக்கும்போது 50 நாட் என்றிருந்தது இப்போது 70-ஐத் தாண்டிவிடும். மருந்து என்னவென்றால், மூக்கைத் தாழ்த்தித் தாக்குகோணத்தைக் குறைப்பதே. தரை நெருங்கும்போது மனித இயல்பு மூக்கைத் தூக்கச் சொல்லும். அவ்வாறு தூக்கினால் கோணம் இன்னும் மிகும். இதை மேசை முன் அமர்ந்து ஐயமின்றி அறிந்துகொள்ளாதவன் அங்கே போய் அறிந்துகொள்ள நேரம் இராது.

எடையும் சமநிலையும் பற்றிய கணக்குகள் எட்டாம் வகுப்பு நெம்புகோற் கணக்குகளே. எடையைத் தூரத்தால் பெருக்கு, கூட்டு, மொத்த எடையால் வகு. சுமை பின்னால் மிகுந்துவிட்டால் ஸ்டாலிலிருந்து மீள்வது கடினம் என்பதை மட்டும் மறவாதிருந்தால் போதும். வேகம், தூரம், பெட்ரோல் செலவு ஆகியவற்றைக் கணிக்க ஈ6பி என்னும் வட்டமான கணக்குச் சட்டம் ஒன்று உண்டு. 1930-களில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பிலிப் டால்டன் அமைத்தது. மின்கணிப்பான் வந்த பிறகும் அது மறையவில்லை. தேர்வுக் கூடத்துக்கு அதைக் கொண்டுபோகலாம். மடக்கை அட்டவணை புரட்டிய என்போன்றவர்களுக்கு அது பழைய நண்பனைக் கண்டதுபோல் இருந்தது.

விளங்கிக்கொள்ளுதல், விளங்கிக்கொள்ளுதல் என்று நான் வற்புறுத்துவதால் மனப்பாடமே வேண்டாம் என்று எவரும் கருதிவிட வேண்டாம். சட்டம் இட்ட எண்களை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பகலில் புறப்பட்டால் போய்ச் சேரும் இடத்துக்கு மேல் 30 நிமிடத்துக்கும், இரவிலானால் 45 நிமிடத்துக்கும் பெட்ரோல் மிச்சம் இருக்க வேண்டும். மது அருந்திய 8 மணி நேரத்துக்குள் விமானத்தைத் தொடக் கூடாது. கண்ணால் பார்த்துப் பறப்பவர், ஈ வகை வான்வெளியில் 10,000 அடிக்குக் கீழே, 3 மைல் பார்வைத் தெளிவு இருந்தாலன்றிப் பறக்கலாகாது. முகிலுக்குக் கீழே 500 அடி, மேலே 1,000 அடி, பக்கவாட்டில் 2,000 அடி விலகியிருக்க வேண்டும். இரண்டு விமானங்கள் குறுக்கே நெருங்கினால் வலப்புறத்தில் உள்ளதற்கே வழி. பலூனுக்கு எல்லாம் வழிவிட வேண்டும். இடருற்ற விமானத்துக்கோ பலூனும் வழிவிட வேண்டும். இவற்றைக் காலையில் பல் விளக்கும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். நேரம் வைத்து உட்கார்ந்து படிக்க வேண்டியவை மற்றவை.

முகிலிலிருந்து விலகி இரு என்று சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிறுவயதில் தட்டாமாலை சுற்றாதவர் யார்? இரு கையும் விரித்துச் சுழன்று சட்டென்று நின்றால், நாம் நின்றுவிட்டோம். உலகம் எதிர்த்திசையில் சுற்றும். நம் உட்செவியில் அரைவட்டக் குழாய்கள் மூன்று உள்ளன. அவற்றிலுள்ள நீர்மத்தின் அசைவைக் கொண்டுதான் நாம் திரும்புவதை உணர்கிறோம். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சற்று நேரத்தில் குழாயும் நீர்மமும் ஒரே வேகத்தில் சுழலத் தொடங்கும். அப்போது திரும்பும் உணர்ச்சியே இராது. அடிவானம் கண்ணுக்குத் தெரியும்வரை கண் செவியைத் திருத்தும். முகிலுக்குள்ளோ, நிலவற்ற இரவில் கடல்மீதோ, திருத்த ஒருவரும் இல்லை. விமானம் சாய்ந்து சுருள் சுருளாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்; உட்கார்ந்திருப்பவர் நேராகப் போவதாகவே உணர்வார்.

1954-ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளைக் கொண்டு பறக்கப் பயிலாத 20 பேரை ஒருவர் பின் ஒருவராக விமானத்தில் ஏற்றி, வெளிப் பார்வையை மறைத்து ஓட்டச் செய்தார்கள். பாதுகாப்புக்காக ஆசிரியர் அருகிருந்தார். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரி 178 விநாடி. மூன்று நிமிடங்கூட இல்லை.

அந்த எண்ணை அங்கே பயிலும் மாணவர்கள் பலரும் அறிவார்கள். ஆயினும் 1999 ஜூலை 16-ஆம் நாள் இரவு, மறைந்த குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி, தம் மனைவியையும் அவர் தமக்கையையும் ஏற்றிக்கொண்டு சிறு விமானத்தில் மார்த்தாஸ் வின்யார்டு தீவுக்குப் பறந்தார். புகைமூட்டம் போன்ற மங்கல், இருண்ட வானம், கீழே கடல். சட்டம் கேட்கும் பார்வைத் தெளிவு இருந்தது. அடிவானம் மட்டும் இல்லை. விமானம் கடலில் விழுந்து மூவரும் மாண்டனர். திசையுணர்வு குழம்பியதால் விமானி கட்டுப்பாட்டை இழந்தார் என்று போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பின்னர் முடிவு கூறியது. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. கருவிகொண்டு பறக்கும் தகுதிக்கான எழுத்துத் தேர்வை அவர் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் எழுதி, 78 விழுக்காடு பெற்றிருந்தார். அத்தகுதிக்கான பறக்கும் பயிற்சி முடியவில்லை. மறைந்தவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. உணர்ச்சியை நம்பாதே, கருவியை நம்பு என்பது இந்தத் தேர்வில் வரக்கூடிய எளிய வினாக்களுள் ஒன்று. எவரும் அதற்குச் சரியான விடையைக் குறித்துவிடுவார்கள். மூன்று விடைகளுள் ஒன்றாக அதை அடையாளம் காண்பது ஓர் அறிவு. தன் செவியே தன்னிடம் பொய் சொல்லும் நேரத்தில் அதை நினைத்துக்கொள்வது வேறோர் அறிவு. மாணவருக்கு அந்தப் பாடம் வந்த வாரத்தில் நான் வினாத்தாளைத் தொடவே விடவில்லை. ஆசிரியரிடம் சொல்லி, பகலில், கண்ணை மறைக்கும் தொப்பி மாட்டிக்கொண்டு, அந்த மயக்கம் எப்படியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி 3 மணி நேரம் உரிமத்துக்கு எப்படியும் கட்டாயம். போய்விட்டு வந்தவர், “நான் நேராகப் போகிறேன் என்று சத்தியமே செய்திருப்பேன் ஐயா” என்றார்.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கணிப்பொறி முன் அமர்ந்து எழுத வேண்டும். நிலப்படங்களும் வரைபடங்களும் அடங்கிய துணைநூல் ஒன்று தருவார்கள். நிலப்படத்தின் ஓரத்தில் அச்சிட்டுள்ள குறி விளக்கம் அந்நூலிலேயே இருக்கிறது என்பதை மறந்து, குறிகளை எல்லாம் உருப்போட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டாம். ஐயமுள்ள வினாவை ஒதுக்கிவைத்து, தெரிந்தவற்றை முதலில் முடிப்பது இங்கும் நன்று. முடித்தவுடன் மதிப்பெண் வந்துவிடும். அந்தத் தேர்ச்சி 24 மாதங்களுக்குச் செல்லும். அதற்குள் பறக்கும் தேர்வை முடிக்காவிட்டால் மறுபடியும் எழுத வேண்டும்.

ஆனால் மதிப்பெண் தாளில் வேறொன்று அச்சாகி வருகிறது. நாற்பதாண்டு தேர்வுத்தாள் திருத்திய எனக்கு இந்தத் தேர்வில் மிகவும் பிடித்தது அதுதான். நம் தேர்வுகளில் ஒருவன் 70 பெற்றால், பெறாத 30 எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. இங்கே, தவறிய ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு குறியீடு அத்தாளில் இருக்கும். வினா இன்னதென்று சொல்லாது. எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில் சறுக்கினார் என்று மட்டும் சொல்லும். பறக்கும் தேர்வுக்கு அனுப்புமுன், அந்தப் பகுதிகளை எல்லாம் இவர் திரும்பப் படித்துத் தெளிந்துவிட்டார் என்று ஆசிரியர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதன் பின் தேர்வாளர் எதிரில் அமர்ந்து வாய்மொழித் தேர்வு. அவர் அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, குறியீடு விழுந்த இடங்களைக் கட்டாயமாகக் கேட்பார். அப்போது மூன்று விடைகள் கொடுப்பதில்லை.

என் மாணவர் 60-க்கு 53 சரியாக எழுதியிருந்தார், 88 விழுக்காடு. ஏழு குறியீடுகள். இரண்டு மாதம் அந்த ஏழையும் வைத்துக்கொண்டு உழைத்தோம். அவற்றுள் ஒன்று விமானத்தின் ஏறுதிறன் பற்றியது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நிலப்படத்தை விரித்து லெட்வில்லின் மேல் விரலை வைத்தாராம். “பிற்பகல் இரண்டு மணி; 20 டிகிரி; பெட்ரோல் நிரம்ப இருக்கிறது; நீங்களும் நானும் போகிறோம். என்ன செய்வீர்கள்?” என்று கேட்டாராம். இவர் விமானத்தின் கையேட்டைத் திறந்து, அட்டவணையில் விரல் வைத்து, தாளில் கணக்கிட்டுக் காட்டிவிட்டு, பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு மறுநாள் காலை ஆறு மணிக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். தேர்வாளர் தம் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த குறியீட்டுக்குப் போனாராம்.